நர்கிஸ்: நம்ம கரையில் பூக்காத பூ

கீழக்கரை, இராமநாதபுரம் பக்கம் நர்கிஸ் என்று பெயருள்ள பெண்கள் உண்டு. அது ஒரு பூவின் பெயர். ஆங்கிலத்தில் டாஃபடில் என்கிறார்களே, அதைச் சேர்ந்த நார்சிஸஸ் இனத்துக்குப் பாரசீகத்தில் நர்கிஸ் என்று பெயர்.

இந்தப் பூவின் தாயகம் மத்தியதரைக் கடல் பகுதி. டாஃபடில் கிழங்கு பல வாரம் குளிரில் கிடந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். இங்கிலாந்தின் கார்ன்வாலில் அலெக் கிரே 1940களில் உருவாக்கிய குட்டி டாஃபடில் 'தேத்தா தேத்' இன்று உலகமெங்கும் தொட்டியில் விற்கிறது. அதுக்கும் குளிர் வேணும். இராமநாதபுரம் வெயிலில் நடக்கிற காரியமா?

ஆனா அதன் சொந்தக்காரச் செடி ஒன்று இங்கே கடலோர மணலிலும் வீட்டு வேலியோரத்திலும் நிற்கும்: விஷமூங்கில். நீண்ட இலை, நார்நாராக விரிந்த வெள்ளைப் பூ. இரண்டுமே அமரில்லிடேசி குடும்பம். லைகோரின் என்ற நச்சுப்பொருள் இரண்டின் கிழங்கிலும் இருக்கிறது. நார்சிஸஸ் என்ற பெயர் புராண இளைஞனால் வந்ததல்ல, மரத்துப்போவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் வந்தது என்று 1ஆம் நூற்றாண்டிலேயே ரோமானியர் பிளினி எழுதிவிட்டார். அங்கேயும் இங்கேயும் பெயர் வைத்தவர்கள் நஞ்சைக் கவனித்திருக்கிறார்கள்.

சரி, பூ வராத ஊருக்குப் பெயர் எப்படி வந்தது? அரபு வணிகர்களோடு கப்பலில் வந்தது என்று சொல்லத் தோன்றும். கீழக்கரை அரபியோடு அவ்வளவு நெருக்கம். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அரபுத்தமிழில் நூல்கள் எழுதிய ஊர் அது. ஆனா அரபியில் இந்தப் பூ 'நர்ஜிஸ்'. பாரசீகத்திலும் உருதுவிலும்தான் 'நர்கிஸ்'. ஜமீலா, ஜலீல் என்று 'ஜ'வை அப்படியே வைத்துக்கொண்ட மக்கள் இதில் மட்டும் 'கி' ஆக்கியிருப்பார்களா?

அதனால் என் கணிப்பு: பூ கடலைத் தாண்டி வரவில்லை, பெயரும் கடல்வழி வரவில்லை. காதலியின் மயங்கிய கண்ணுக்கு நர்கிஸை உவமை சொன்ன பாரசீகக் கவிதையிலிருந்து உருதுவுக்கு வந்து, தரைவழியே தெற்கே இறங்கியிருக்க வேண்டும். 'மதர் இந்தியா' (1957) நடிகை நர்கிஸின் புகழும் கைகொடுத்திருக்கலாம்.

உங்க வீட்டுப் பழைய நிக்காஹ் பதிவில் ஒரு நர்கிஸ் இருந்தால் ஆண்டைப் பாருங்க. பெயர் சினிமாவுக்கு முந்தியதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.