நாய்க்கு வைத்தியசாலை வாய்த்த வரலாறு

திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் நடுகல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில், எருமை மந்தையைக் கவர வந்த கள்ளரோடு பொருது உயிர் நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக நாட்டப்பட்ட அக்கல்லில், வில்லேந்திய அவனுடைய உருவத்துக்கு அருகே நாயொன்றின் உருவமும் செதுக்கப்பட்டிருப்பதோடு, அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவலாக நின்றது என்பதும் எழுத்திலே பொறிக்கப்பட்டிருக்கின்றன. மன்னர்களுடைய பெயர்களே காலவெள்ளத்தில் மறைந்துபோன நாட்டில், ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் பெயர் இன்றளவும் படிக்கத்தக்க நிலையில் நின்றிருப்பது சாதாரணமான விஷயமன்று. நாயைத் துணையாகப் போற்றும் வழக்கம் வெள்ளைக்காரர் கொண்டுவந்த நாகரிகம் என்று கருதுவோர் இந்தக் கல்லை ஒருமுறை சென்று காணவேண்டும்.

ஆனால் பிராணியின்பால் அன்பு செலுத்துவது வேறு. அதன் நோய்க்கு மருந்து தேடுவது வேறு. முன்னது நம் நாட்டில் எக்காலத்தும் இருந்தது. பின்னது எல்லாப் பிராணிகளுக்கும் ஒரே அளவில் வாய்க்கவில்லை. அசோக சக்கரவர்த்தி தம்முடைய இரண்டாவது பாறைச் சாசனத்தில், தம் ஆட்சிக்குட்பட்ட பிரதேசங்களில் மட்டுமன்றி, எல்லைக்கு அப்பாலிருந்த சோழ, பாண்டிய, கேரளபுத்திர நாடுகளிலும் மனிதருக்கும் பிராணிகளுக்கும் வைத்திய வசதி செய்யப்பட்டதாகவும், மூலிகைகள் இல்லாத இடங்களில் அவை கொண்டுவந்து பயிரிடப்பட்டதாகவும் குறிப்பிட்டிருக்கிறார். பிராணி வைத்தியம் தமிழ் நாட்டோடு சேர்த்துப் பேசப்படும் மிகப் பழைய செய்தி இதுவே எனலாம். இதுவன்றி, யானைக்குப் பாலகாப்பியமும், குதிரைக்குச் சாலிஹோத்திரமும், உழவனுடைய செல்வமாகிய மாட்டுக்கு மாட்டுவாகடமும் தோன்றின. யானையும் குதிரையும் அரசனுடைய சேனைக்கு அங்கங்கள். மாடு குடியானவனுடைய ஜீவனம். வாசலில் படுத்து, மிஞ்சிய சோற்றை உண்டு, இராப்பொழுதெல்லாம் விழித்திருந்து வீட்டைக் காத்த நாய்க்கு, வைத்திய நூல்களில் அவற்றுக்குக் கிடைத்த இடத்தில் நூறில் ஒரு பங்கும் கிடைக்கவில்லை.

மேனாட்டிலும் நிலைமை பெரிதும் வேறாக இருந்ததில்லை. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் க்ளோத் பூர்ஷெலா என்பவர் 1762இல் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைத் திறந்ததற்குக் காரணம், ஐரோப்பாவெங்கும் மாடுகளை வாரிக்கொண்டுபோன கொள்ளைநோயும் சேனைக் குதிரைகளின் அவசியமுமே. அந்த நோயைத்தான் நம் கிராமத்தார் வெக்கை என்று அஞ்சி வழங்கினர். சென்னையில் வேப்பேரியில், 1903ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 1ஆம் தேதி, டாபின் ஹால் என்ற சிறு கட்டடத்தில் 20 மாணாக்கர்களோடு கால்நடை மருத்துவக் கல்லூரி ஆரம்பமானபோதும், ஜட்கா வண்டிக் குதிரையும், பாரவண்டி மாடும், கிராமங்களில் ஆயிரக்கணக்காக மடிந்துகொண்டிருந்த உழவு மாடுகளுமே அதன் சிந்தையில் இருந்தன. நகரத்து ஜனங்கள் அதனோடு சேர்ந்த வைத்தியசாலையை மாட்டாஸ்பத்திரி என்றே அழைத்தனர். இன்றும் பல ஊர்களில் அப்பெயரே வழங்குகிறது. 1935இல் அக்கல்லூரி சென்னைச் சர்வகலாசாலையோடு இணைக்கப்பட்டு, இந்தியாவிலேயே முதன்முதலாகக் கால்நடை மருத்துவத்துக்குப் பட்டம் வழங்கும் உரிமையைப் பெற்றது. அப்போதும் நாய் அங்கே எப்போதாவது வந்துபோகும் விருந்தாளியாகத்தான் இருந்தது.

நாயை வைத்தியசாலையின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது அன்பைக் காட்டிலும் அச்சமே என்று சொல்லத் தயங்கவேண்டியதில்லை. வெறிநாய்க்கடியைப் போல மக்களைக் கதிகலங்கச் செய்த நோய் வேறு அரிது. கடிபட்ட இடம் ஆறித் தழும்பும் மங்கிப்போன பிறகு, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள், தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகி, காற்றுப் பட்டாலும் உடல் அதிர்ந்து, சுயநினைவு வந்தும் போயும் மனிதன் துடித்து இறப்பதைக் கண்டவர்கள் அக்காட்சியை ஆயுள் உள்ளவரை மறப்பதில்லை. கடிவாயின் வழியே புகுந்த நோய்க்கிருமி நரம்புகளைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது என்பதும், நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிறகு எந்த மருந்தாலும் பயனில்லை என்பதும் தெரியாத காலத்தில், ஜனங்கள் பச்சிலை அரைத்துக் கொடுத்தனர். கடிவாயில் சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் அப்பினர். மந்திரித்துக் கயிறு கட்டினர். கடித்த நாய்களுள் பலவற்றுக்கு உண்மையில் வெறி இல்லாமையால் கடிபட்டவர் பிழைத்துக்கொண்டனர். அந்தப் புகழ் பச்சிலைக்கும் கயிற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. எத்தனையோ குழந்தைகளைப் பலிகொண்ட இந்த மயக்கம் இன்னும் முற்றிலும் அகலவில்லை என்பதுதான் என் உள்ளத்தை வருத்துகிறது.

இந்த இருளில் முதல் வெளிச்சம் 1885ஆம் வருஷம் ஜூலை மாதம் 6ஆம் தேதி பாரிஸ் நகரில் தோன்றியது. வெறிநாயால் பல இடங்களில் கடியுண்ட ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனைத் தாயார் லூயி பாஸ்டரிடம் அழைத்துவந்தாள். முயல்களின் முதுகுத்தண்டை உலர்த்தி நோயின் வீரியத்தைக் குறைத்து, நாய்களுக்குச் செலுத்திப் பார்த்து வெற்றி கண்டிருந்த பாஸ்டர், மனிதனுக்கு அதைச் செலுத்தத் தயங்கினார். அவர் வைத்தியப் பட்டம் பெற்றவருமல்லர். ஆகையால் மருத்துவர் ஒருவரைக்கொண்டு ஊசி போடச் செய்து, இரவெல்லாம் உறக்கமின்றித் தவித்திருந்தார். பையன் பிழைத்தான். பாஸ்டரின் சோதனைச் சாலையில் அந்த மருந்தால் முதலில் காப்பாற்றப்பட்டவை நாய்களே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இந்தியாவில் அந்தச் சிகிச்சை 1900இல் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் தொடங்கிற்று. தென்னாட்டில் கடிபட்ட ஒருவன், உறவினர் கடன் வாங்கிக் கொடுத்த பணத்தோடு பல நாள் ரயிலில் பிரயாணம் செய்து தேசத்தின் மறுகோடிக்குப் போய்ச் சேரவேண்டும். பிரயாணத்துக்கு வகையற்றவன் வீட்டிலேயே இருந்து விதியை எதிர்நோக்கவேண்டும். இக்குறையைத் தீர்க்க, ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் அளித்த நன்கொடையின் உதவியால், 1907இல் நீலகிரியில் குன்னூரில் பாஸ்டர் ஸ்தாபனம் ஏற்பட்டது. 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர், ஆட்டு மூளையிலிருந்து எடுத்து, கிருமியைக் கார்பாலிக் திராவகத்தால் கொன்று தயாரித்த மருந்து, மலையை விட்டு இறங்கி ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்கும் வந்து சேர்ந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பாட்டனார் தலைமுறை சொல்லிச் சொல்லி நடுங்கியது இந்த மருந்தைத்தான். வலி மிகுந்தது, சிலருக்கு வாதத்தையும் உண்டாக்கியது, ஆயினும் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. 2004இன் இறுதியில்தான் இந்தியாவில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டு, கையிலே போடும் நவீன தடுப்பூசிகள் முழுமையாக அதன் இடத்தைப் பெற்றன.

மனிதனைக் காக்கும் மருந்து கிடைத்தது. நாயின் கதி என்னவாயிற்று? இந்த இடத்தில் சென்னை நகரத்தின் சரித்திரம் தலைகுனிய வேண்டியிருக்கிறது. 1860 முதலாகத் தெரு நாய்களைப் பிடித்துக் கொல்வது நகராட்சியின் வாடிக்கையாயிற்று. நாய்வண்டி வருகிறது என்ற கூச்சல் கேட்டால் குழந்தைகள் தங்கள் நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடி ஒளிந்த காலம் அது. பிடிபட்டவை மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப்பட்டன. இவ்வாறு நூறாண்டுகளுக்கு மேல் கொன்றும் நாய்களின் தொகை குறையவில்லை, வெறிநோயும் அகலவில்லை. ஒரு தெருவின் நாய்களைக் கொன்றால், அத்தெருவின் உணவையும் இடத்தையும் நாடி அயல் தெருவின் நாய்கள் வந்து குடியேறிக் குட்டி போடுகின்றன. தடுப்பூசி போட்டுக்கொண்ட நாய்களையும் கொல்லுவதால், நோயை எதிர்க்கும் சக்தியுள்ள கூட்டம் அழிந்து, இல்லாத கூட்டம் பெருகுகிறது. கருணையின் கணக்கை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், சுகாதாரத்தின் கணக்கிலேயே அம்முறை தோல்வியுற்றது.

இதை மாற்றப் பாடுபட்டவர்களுள் இருவருடைய பெயர்களைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பரதத்துக்குப் புத்துயிர் அளித்த ருக்மிணி தேவி அருண்டேல், 1952இல் ராஜ்ய சபைக்கு நியமனம் பெற்றதும், பிராணிகள் வதைத் தடுப்புக்கெனத் தனி நபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசாங்கமே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதி கூறியதன்பேரில் அவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள, 1960இல் சட்டம் நிறைவேறி, 1962இல் பிராணிகள் நல வாரியம் அவருடைய தலைமையில் அமைந்தது. அச்சட்டத்திலேயே தெரு நாய்களைக் கொல்வதற்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது என்பதை நோக்கும்போது, நாயின் வழக்கு எவ்வளவு கடினமான வழக்காக இருந்தது என்பது விளங்கும். மற்றொருவர் விமானியாகிய கேப்டன் வி. சுந்தரம். 1959இல் சென்னையில் மழை வெள்ளத்தில் தத்தளித்த குட்டிகளை எடுத்துவந்து வீட்டில் வைத்துக் காத்த அவரும் அவர் குடும்பத்தாரும் தொடங்கிய பணியே, இந்தியப் புளூ கிராஸ் என்னும் சங்கமாக வளர்ந்தது. கொல்வதை விடுத்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்று அச்சங்கத்தார் 1964 முதல் வற்புறுத்திவந்ததை மாநகராட்சி ஏற்றுக்கொள்ள முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 2001இல் அதுவே தேசமனைத்துக்கும் விதியாயிற்று.

மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயின் வழியே வருவது. ஒரு பிரதேசத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் தீர்மானம். நாயைக் காப்பதும் நாயிடமிருந்து மனிதனைக் காப்பதும் ஒரே காரியமாகிவிட்ட இந்த உண்மையே வைத்தியசாலையின் வாசலை நாய்க்கு அகலத் திறந்துவிட்டது. டிஸ்டெம்பர் நோய்க்கும், 1970களின் இறுதியில் தோன்றி உலகெங்கும் குட்டிகளை வாரிக்கொண்டுபோன பார்வோ நோய்க்கும் ஊசிகள் வந்து சேர்ந்தன.

நம்முடைய கால்நடை மருத்துவமனைகளில் இக்காலத்தில் நடைபெறும் விழாக்கள் இந்த நீண்ட வரலாற்றின் கனிகள். ஜனவரி 14 முதல் மாதக் கடைசி வரை தேசமெங்கும் அனுசரிக்கப்படும் பிராணிகள் நல வாரங்கள், கொம்புக்கு வர்ணம் தீட்டி மாட்டுக்குப் பொங்கலூட்டும் நம் பண்டிகையோடு சேர்ந்து அமைந்திருப்பது தமிழருக்குத் தனி மகிழ்ச்சி தரத்தக்கது. மைஸ்டருக்கு ஊசி போட்ட ஜூலை 6, விலங்குகளால் பரவும் நோய்களைப் பற்றிய தினமாகவும், பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28 உலக வெறிநோய்த் தடுப்பு தினமாகவும் அனுசரிக்கப்படுகின்றன. அந்நாட்களில் அரசாங்க மருந்தகங்களில் இலவசமாக ஊசி போடுகிறார்கள். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும், ஜாதி ஏதென்று தெரியாத தெருக் குட்டியும் ஒரே வரிசையில் நிற்கின்றன. சிறுவர்கள் தங்கள் நாயைக் குளிப்பாட்டி, கழுத்தில் புதுப் பட்டை கட்டி அழைத்துவருகிறார்கள். மருத்துவர்கள் ஊசியோடு நில்லாமல், தீபாவளியன்று வெடிச் சத்தத்துக்கு மிரண்டு கட்டை அறுத்துக்கொண்டு ஓடித் தொலைந்துபோகும் நாய்களைப் பற்றியும், நாய்க்கு விஷமாகும் சாக்லேட்டையும் வெங்காயத்தையும் திராட்சையையும் பற்றியும், மனிதர் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் பூனையின் உயிரையே பறித்துவிடும் என்பது பற்றியும், வெயிலில் பூட்டிவைத்த காருக்குள் பிராணியை விட்டுச் செல்வதன் அபாயத்தைப் பற்றியும் எடுத்துரைக்கிறார்கள். மாலையிடுவதும் படமெடுப்பதும் விழாவுக்கு அழகு சேர்க்கலாம். ஊசி போடாமல் மாலை மட்டும் இட்டு அழைத்துச் சென்றால் அந்த விழாவுக்கு அர்த்தமில்லை.

வாசகர்களுக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் இதுவே. வீட்டில் நாய்க்குட்டி இருந்தால், எந்தத் தினத்துக்கும் காத்திராமல், மூன்று மாதம் நிறைந்ததும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு அழைத்துச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். மருத்துவர் குறித்துக்கொடுக்கும் தேதிகளில் தவறாமல் மறுபடியும் போடுங்கள். உங்கள் தெருவில் உண்டு உறங்கும் நாய்க்கும் அதைச் செய்விக்க முன்வாருங்கள். யாரையேனும் நாய் கடித்துவிட்டால், கடிவாயைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் நன்றாகக் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.