பெயர் மாறிய பிள்ளைகள்



தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் ஏட்டுச் சுவடியினின்று அச்சிற் கொணர்ந்த சி. வை. தாமோதரம் பிள்ளையின் பெயரை நீங்கள் அறிவீர்கள். அப்பெயரின் முன்னே நிற்கும் எழுத்துக்கள் சிறுப்பிட்டி என்னும் ஊரையும், வைரவநாதர் என்னும் தந்தையையும் குறிப்பன என்று நாம் சொல்லுகிறோம். ஆயினும் ஆங்கிலத்தில் அவர் பெயர் எழுதப்பட்டபொழுது அதே இடத்தில் நின்ற எழுத்துக்கள் சார்ல்ஸ் வின்ஸ்லோ என்னும் அமெரிக்கப் பெயரின் சுருக்கமே. யாழ்ப்பாணத்துச் சிற்றூர்ப் பிள்ளை ஒருவருக்கு இப்பெயர் எங்ஙனம் வாய்த்தது? அதனை அறிய நாம் சற்றுத் தொலைவு செல்லவேண்டும்.

1815ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அமெரிக்காவின் நியூபரிபோர்ட் துறைமுகத்திலிருந்து ‘டிரையட்’ என்னும் பாய்க்கப்பல் புறப்பட்டது. டானியல் பூவர், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ், எட்வர்ட் வாரன், பெஞ்சமின் மெய்க்ஸ் முதலிய இளம் பாதிரிமார் அதில் இருந்தனர். பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்டு 1810இல் தோன்றிய அமெரிக்க மிஷன் சங்கம் அவர்களை அனுப்பிற்று. இந்தியாவிற்கு முன்னர் வந்த இச்சங்கத்தாரைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1812இல் கல்கத்தாவை விட்டு வெளியேறச் சொல்லிவிட்டது. இலங்கையோ கம்பெனியின் கையில் இல்லை. நேரே ஆங்கில மன்னரின் ஆட்சியில் இருந்தது. ஆகவே ஐந்து மாதக் கடற்பயணத்தின் பின், 1816 மார்ச்சில், அவர்கள் கொழும்பில் இறங்கினர். ஆளுநர் பிரௌன்றிக் அவர்களை யாழ்ப்பாணம் செல்ல அனுமதித்தார். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பயன்படுத்தி, பின் கூரையிழந்து நின்ற பழைய கோவிற் கட்டடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன.

அக்கட்டடங்களைச் செப்பனிட்டதோடு ஊர்தோறும் சிறு பள்ளிகளையும் திறந்தனர். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அப்பள்ளிகளுக்கு ஆசிரியர் வேண்டுமே! வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஊரில் எழுத்தறிவித்தவர்களோ பெரும்பாலும் சைவர்கள். அவர்களையே சம்பளத்திற்கு அமர்த்தினர். வரும் பிள்ளைகளின் தொகைக்கு ஏற்பச் சம்பளம். ஆகவே பிள்ளைகளைத் தேடிச் சேர்ப்பதில் திருநீறணிந்த உபாத்தியாயரே பாதிரியாரினும் ஊக்கமுடையவராய் இருந்தார்.

விடுதிப் பள்ளி தொடங்கியபொழுதுதான் இடர் வந்தது. எழுத்துப் படிக்கலாம், ஆனால் அயலார் வளவிற் சோறுண்ணலாமா? சாதியாசாரம் காத்த பெற்றோர் ஒப்பவில்லை. சமையற்கொட்டிலை மிஷன் வளவிற்கு வெளியே அமைத்துக்கொடுத்த பின்னரே முதற் பிள்ளைகள் தங்கிப் படிக்க இசைந்தனர். சமத்துவத்தைப் போதிக்க வந்தவர்கள் இதற்கு இணங்கினார்களே என்று நாம் இன்று வியக்கலாம். பிள்ளைகள் வாராத பள்ளியில் எதனைப் போதிப்பது என்பது அவர்கள் விடையாக இருந்திருக்கும்.

விடுதிப் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் அளிக்கப் பணம் வேண்டும். அதற்கு மிஷன் கண்ட வழியே நம் முதற் கேள்விக்கு விடை. அமெரிக்காவில் ஒரு குடும்பமோ ஒரு சபையோ ஆண்டுதோறும் சில டாலர் அனுப்பி ஒரு பிள்ளையைத் தாங்கலாம். தாங்குவோர் தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்கு இடலாம். இறந்த மகனின் பெயர், மதிப்பிற்குரிய போதகரின் பெயர் இவ்வாறு கடல் கடந்து வந்தன. 1841இல் தோன்றிய ‘உதய தாரகை’ப் பத்திரிகையின் ஆசிரியர் இருவரும் ஹென்றி மார்ட்டின், சேத் பேய்சன் என்னும் பெயரினர், இருவரும் தமிழரே. ஆர்னோல்ட் சதாசிவம் பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாத பிள்ளை என்று இப்பட்டியல் நீளும். அன்போடு அனுப்பிய பணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு குழந்தையின் பெயரை விலைக்குக் கொள்ளலாம் என்று எண்ணியது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. தாய் வீட்டில் எந்தப் பெயரால் அழைத்தாளோ!

பெண்களின் கதை வேறு. உடுவிலில் ஹாரியட் வின்ஸ்லோ அம்மையார் 1824இல் பெண்களுக்கென ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். பெண் எழுத்தறிவது பயனற்றது என்று ஊர் எண்ணிய காலம் அது. படிப்பை முடித்து மணம் புரியும் பெண்ணுக்கு மிஷன் சிறு சீதனமும் வழங்கிற்று. அம்மையார் 1833இல் யாழ்ப்பாணத்திலேயே மறைந்தார். அப்பள்ளியின் பின்வரலாற்றோடு பிரிக்கவொண்ணாது இணைந்தவர் எலைசா அக்னியூ அம்மையார். நியூயோர்க்கில் அவர் சிறுமியாய் இருந்தபொழுது, பூகோள வகுப்பில் ஆசிரியர் மொரீசுத் தீவைச் சுட்டி, ‘ஹாரியட் நியூவல் அடக்கமாகிய இடம் இது’ என்றாராம். அவ்வம்மையார் கல்கத்தாவினின்று வெளியேற்றப்பட்டவருள் ஒருவர். 1812இல் பத்தொன்பதாம் வயதில் அத்தீவில் இறந்தவர். அன்றே தானும் கடல் கடந்து செல்வதெனச் சிறுமி உறுதி பூண்டாள் என்பர். 1840இல் யாழ்ப்பாணம் வந்த எலைசா அக்னியூ, 1879 வரை உடுவிற் பள்ளியில் உழைத்து, ஒரு முறையேனும் தாய்நாடு திரும்பாமல் 1883இல் மானிப்பாயில் மறைந்தார். ஆயிரம் பெண்களின் தாய் என்று அவரை அழைத்தனர். தாயும் மகளும் பேர்த்தியும் அவரிடமே படித்த குடும்பங்கள் உண்டு.

இனி வட்டுக்கோட்டைக்கு வருவோம். 1823இல் அங்கே டானியல் பூவர் தலைமையில் உயர்கல்விக்கெனச் செமினரி எழுந்தது. ஆங்கிலம், தமிழ் இலக்கணம், கணிதம், வான நூல் ஆகியவற்றை அங்கே கற்பித்தனர். 1829 மார்ச்சில் சந்திர கிரகணம் ஒன்று வந்தது. ஊர்ப் பஞ்சாங்கத்தின் கணிப்பையும் தம் கணிப்பையும் ஒப்பிட்டுப் பார்க்குமாறு பூவர் மக்களை அழைத்தார். வானம் பூவர் பக்கம் சான்று கூறிற்று. ஆயினும் பஞ்சாங்கம் பிழைத்தது நாளில் அன்று. தொடங்கும் வேளையிலும் நீடிக்கும் அளவிலும் சில நிமிடங்களே. இச்சிறு பிழையைக் கொண்டு ஒரு சமயத்தையே அளக்க முயன்றது மிகை என்றே சொல்லவேண்டும். இந்தப் போட்டியில் உண்மையாகப் பயன் பெற்றவர்கள் கணிதத்தின் சுவையை அன்று கண்டுகொண்ட மாணவர்களே.

செமினரியின் பெருமையே அதற்குப் பகையாயிற்று. அங்கே ஆங்கிலம் கற்றவருக்கு அரசாங்கக் கச்சேரிகளில் உத்தியோகம் காத்திருந்தது. பெற்றோர் பிள்ளைகளை அனுப்பியதும் அதற்காகவே. போதகராக வேண்டியவர் எழுத்தர் ஆயினர். சமயத்தை ஏற்றவருள்ளும் பலர் படிப்பு முடிந்தபின் அதில் நிலைக்கவில்லை. இதற்கிடையே மிஷனரிகளின் முறையையே அவர்களுக்கு எதிராகக் கையாண்டு, ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியைத் தொடங்கிவிட்டார்.

பாஸ்டனிலிருந்து ரூபஸ் ஆண்டர்சன் என்னும் செயலாளர் 1855இல் நேரில் வந்து ஆராய்ந்தார். மக்களுக்கு மக்களின் மொழியிலேயே கற்பிக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. கொள்கை நல்லதே. தாய்மொழிக் கல்வியைப் போற்றும் நாம் அதனை மறுக்க இயலாது. ஆனால் அதன் உள்நோக்கத்தையும் காணவேண்டும்: உத்தியோகம் தேடிச் செல்லாத போதகர்களே அவருக்குத் தேவை. பெற்றோர் கேட்டதோ ஆங்கிலம். எந்த மொழியிற் படிப்பது என்னும் அவ்வழக்கில் படிக்கும் பிள்ளைகளை ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவ்வாண்டே செமினரி மூடப்பட்டது. அதனை வளர்த்த பூவர் அதே ஆண்டு பிப்ரவரியில் வாந்திபேதி கண்டு மானிப்பாயில் இறந்திருந்தார். உள்ளூர்க் கிறித்தவர்களின் முயற்சியால் வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழ, 1872 வரை காத்திருக்க நேர்ந்தது.

மூடிய பள்ளியின் மாணவர் இருவர் கடல் கடந்து சென்னைக்கு வந்தனர். ஒருவர் கறோல் விசுவநாத பிள்ளை. மற்றவர் நாம் தொடக்கத்திற் கண்ட தாமோதரம் பிள்ளை. பின்னாளில் இருவரும் சைவராய் வாழ்ந்தவர்கள். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபொழுது அதன் முதற் பட்டதாரிகளாய்த் தேறியவர்கள் இவ்விருவருமே. அவர்கள் கற்ற வட்டுக்கோட்டை வகுப்பறைகள் அப்பொழுது பூட்டிக் கிடந்தன.