அளந்த மூச்சும் கணித்த எண்ணும்

உடற்பயிற்சிக் கூடத்து மிதிவண்டி இயந்திரம் சில நிமிட உழைப்பின் முடிவில் ஓர் எண்ணைக் காட்டுகிறது. அதிகபட்ச ஆக்சிஜன் நுகர்வு என்று அதற்குப் பெயர். ஆனால் அவ்வெண் அளக்கப்பட்டதன்று, கணிக்கப்பட்டது. அளவீடு கணிப்பாக மாறியதற்கு ஒரு வரலாறு உண்டு.

1920-களின் தொடக்கத்தில் மான்செஸ்டரில் பணியாற்றிய உடலியங்கியல் அறிஞர் ஏ. வி. ஹில், டக்ளஸ் பை என்னும் காற்றுப்பையை முதுகில் சுமந்து புல்தரையில் ஓடினார். அவர் வெளிவிட்ட மூச்சு பையில் சேர்ந்தது. அதைப் பகுத்தாய்ந்து, உடல் நுகர்ந்த ஆக்சிஜன் கணக்கிடப்பட்டது. வேகம் கூடக்கூட நுகர்வும் கூடி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 4 லிட்டரில் நின்றுவிட்டது. இதனை ஹில்லும் ஹார்ட்லி லப்டனும் 1923-இல் எழுதினர். முறை நேரடியானது, ஆயினும் ஆய்வகத்தையும், ஆற்றல் தீரும்வரை உழைக்கும் உடலையும் அது வேண்டியது. முதியோரிடமும் நோயாளரிடமும் அவ்வுழைப்பைக் கோருவது எளிதன்று.

1954-இல் பெர்-ஒலோஃப் ஆஸ்ட்ராண்டும் இர்மா ரீமிங்கும் சுவீடனிலிருந்து மாற்றுவழி ஒன்றை முன்வைத்தனர். மிதிவண்டியில் உடலெடையை இருக்கை தாங்குவதால், குறிப்பிட்ட சுமைக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் பெரும்பாலும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதில்லை. அச்சுமையில் எவருடைய இதயம் மெதுவாகத் துடிக்கிறதோ அவருடைய திறன் மிகுதி. ஆகவே சுமார் 6 நிமிட மிதமான உழைப்பும் நாடித்துடிப்பும் போதும். எஞ்சியதை அவர்கள் வகுத்த கணிப்பு வரைபடம் சொல்லிவிடும்.

அவ்வரைபடத்துக்கு அடிப்படையான உடல்கள் நன்கு பயிற்சி பெற்ற இளைஞர்கள், இளம்பெண்களுடையவை. வயது ஏற ஏற இதயத்தின் உச்சத் துடிப்பு குறைவதால், முதியோரின் திறனை அது மிகைப்படுத்திக் காட்டியது. 1960-இல் இர்மா ஆஸ்ட்ராண்ட் (முன்னர் ரீமிங்) வயதுக்கான திருத்தத்தை வகுத்தார். ஆயினும் திருத்தமும் சராசரிதான். ஒரே வயதினர் இருவரின் உச்சத் துடிப்பு பெரிதும் வேறுபடலாம். துடிப்பைக் குறைக்கும் இரத்த அழுத்த மருந்தை உட்கொள்பவர், மருந்தின் விளைவாலேயே திறன்மிக்கவராகத் தோன்றக்கூடும்.

இதனால் இச்சோதனை பயனற்றதாகிவிடாது. ஒரே மனிதரை ஒரே இயந்திரத்தில் சில மாத இடைவெளியில் சோதித்தால், அவருடைய முன்னேற்றத்தை அது நன்றாகவே காட்டும். ஆனால் அவ்வெண்ணை வைத்து ஒருவரை மற்றொருவருடன் ஒப்பிட்டுத் தகுதியுடையவர், தகுதியற்றவர் என்று பிரிக்கும்போது, யாருடைய சராசரியைக் கொண்டு யாருடைய உடல் மதிப்பிடப்படுகிறது என்ற வினா எழுந்தே தீரும். இயந்திரத்தின் திரை அவ்வினாவைக் காட்டுவதில்லை.