ஊர் சுற்றுவதும் நம் உரிமைதான்

அரசு உதவித்தொகையில் வெளிநாடு போய்ப் படிக்கும் நம் தம்பி தங்கைகள், சனி ஞாயிறுகளில் மலையேறிய படத்தையோ ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கிய படத்தையோ பகிர்ந்தால் உடனே ஒரு குரல் வருகிறது: "படிக்கப் போனார்களா, ஊர் சுற்றப் போனார்களா?" அப்பன் காசில் போனவர்களை யாரும் இப்படிக் கேட்பதில்லை. நம் பிள்ளைகளில் சிலரும் இதற்குக் கூச்சப்பட்டுப் படங்களை மறைக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த வரலாற்றைச் சொல்கிறோம்.

1901இல் கோடை விடுமுறைக்கு அப்பாவைப் பார்க்கக் கிளம்பினார் சிறுவன் பீமாராவ். கூட அண்ணனும் அக்கா பிள்ளைகளும். புதுச்சட்டை, பட்டுக்கரை வேட்டி, ரயில் பயணம் என்று ஒரே கொண்டாட்டம். மசூர் நிலையத்தில் இறங்கி "நாங்கள் மகர்கள்" என்று சொன்னதும் நிலைய அதிகாரியின் முகம் மாறியது. எந்த மாட்டுவண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ள மறுத்தார்கள். கடைசியில் இரட்டிப்புக் கூலி பேசி, பிள்ளைகளே வண்டியை ஓட்டினார்கள். வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வந்தார். கட்டிக்கொடுத்த சோறு இருந்தது, குடிக்கத் தண்ணீர் இல்லை. பட்டினியோடு அந்த இரவு கழிந்தது. விடுமுறைப் பயணம் என்பது நமக்கு இப்படித்தான் இருந்தது.

அதே பிள்ளை 1913இல் பரோடா மன்னர் தந்த மாதம் பதினொன்றரைப் பவுண்டு உதவித்தொகையோடு நியூயார்க் போய், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1916இல் லண்டன் சென்றார். தீண்டப்படாதவன் என்ற நினைப்பையே அந்த ஆண்டுகள் தம் மனத்திலிருந்து துடைத்துவிட்டதாகப் பின்னாளில் எழுதினார். தெருவில் நடக்கலாம்; கடையில் உட்காரலாம்; யாரும் சாதி கேட்கப்போவதில்லை. வெளிநாட்டுப் படிப்பு அவருக்குப் பட்டங்களோடு இதையும் கொடுத்தது.

1917இல் பரோடா வேலைக்குத் திரும்பியபோது தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. வேறு போக்கிடம் இல்லாமல், பம்பாய் ரயில் வரும்வரை காமாட்டி பாக் என்ற பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் பொழுதுபோக்க வரும் பூங்கா, கொலம்பியாவில் படித்துவந்தவருக்குப் புகலிடமானது.

இன்னொன்றும் உண்டு. 1934இல் இயக்கத் தோழர்கள் முப்பது பேரோடு எல்லோராவின் பௌத்தக் குகைகளைப் பார்க்கக் கிளம்பினார் அண்ணல். வழியில் தௌலதாபாத் கோட்டை. பயணப் புழுதி போக வாசலருகே இருந்த குளத்தில் சிலர் முகம், கால் கழுவினார்கள். உடனே ஒரு முதியவர் குளம் தீட்டாகிவிட்டது என்று கத்திக்கொண்டு ஓடிவர, கூட்டம் திரண்டது. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு, கோட்டைக்குள் எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு ஆயுதம் தாங்கிய காவலாள் ஒருவரைக் கூட அனுப்பினார்கள். இரண்டு முனைவர் பட்டங்கள் பெற்றவர் சுற்றுலா போன கதை இது. இவற்றையெல்லாம் அவரே 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் எழுதிவைத்திருக்கிறார்.

தோழர்களே, சாதி நம்மிடமிருந்து நிலத்தையும் கல்வியையும் மட்டும் பறிக்கவில்லை. பாதை, குளம், கோட்டை, பூங்கா என்று வெளி முழுவதையும் பறித்தது. நம் முன்னோர் வெயிலிலும் மழையிலும்தான் கிடந்தார்கள், ஆனால் வேலைக்காக. வேலை இல்லாமல் ஒரு குன்றின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. ஆகவே, ஞாயிற்றுக்கிழமை மலையேறும் நம் பெண் பிள்ளை யாருடைய காசையும் வீணடிக்கவில்லை. தனக்குச் சேரவேண்டியதை எடுத்துக்கொள்கிறாள்.

கேள்வி கேட்க வேண்டிய இடம் வேறு. 1954-55இல் தொடங்கிய தேசிய வெளிநாட்டு உதவித்தொகை, நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125 இடங்களையே தருகிறது. அதிலும் 2022ஆம் ஆண்டு விதிகள் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் குறித்த ஆய்வுகளை விலக்கிவிட்டன. 1916 மே மாதம் கொலம்பியாவில் இந்தியச் சாதிகள் பற்றிக் கட்டுரை வாசித்த அம்பேத்கர் இன்று அதே தலைப்போடு விண்ணப்பித்தால் நிராகரிக்கப்படுவார். இதைக் கேட்காதவர்களுக்கு நம் பிள்ளைகளின் கூடாரம்தான் கண்ணை உறுத்துகிறதா?

சாதி கடல் தாண்டியும் வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம். 2023இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டம் போட்டுத் தடை செய்ய வேண்டிவந்தது. நம்மவர்கள் கூடிச் செல்லும் பயணத்தில் ஊரைக் கேட்டு, குலத்தைத் துருவி, சாப்பாட்டை வைத்து எடை போடுபவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக ஒதுங்காதீர்கள், வேறு துணை தேடுங்கள், இல்லையென்றால் நீங்களே ஒரு குழுவைக் கூட்டுங்கள்.

நன்றாகப் படியுங்கள். வார இறுதியில் மலையேறுங்கள், ஆற்றில் இறங்குங்கள். எடுத்த படத்தை மறைக்காமல் ஊருக்கு அனுப்புங்கள். அடுத்து வரப்போகும் பிள்ளை அதைப் பார்க்கட்டும்.

ஜெய் பீம்!