செடுக்ஸிமாப் ஒவ்வாமை

செடுக்ஸிமாப், பெருங்குடல் புற்றுநோய்க்கும் தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்களுக்கும் டிரிப்ஸாக ஏற்றப்படும் எதிர்ப்பொருள் மருந்து. அமெரிக்காவில் 2004இல் ஒப்புதல் பெற்றது. இதன் பக்கவிளைவைத் துருவியவர்கள், கடைசியில் உண்ணிக் கடியிலும் ஆட்டிறைச்சியிலும் போய் நின்றார்கள்.

இம்மருந்தால் கடும் ஒவ்வாமை வருவது நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் என்று தொடக்க ஆய்வுகள் காட்டின. ஆனால் டென்னசி, வட கரோலைனா மருத்துவமனைகளில் அது 22 விழுக்காட்டைத் தொட்டதாக 2007இல் அறிக்கை வந்தது. அதுவும் முதல் டோஸிலேயே, மருந்து ஏறத் தொடங்கிய சற்று நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்து மூச்சு திணறியது. ஒவ்வாமைக்கு உடல் ஒருமுறையாவது முன்பழக்கம் கொண்டிருக்க வேண்டும். வாழ்நாளில் காணாத மருந்தோடு என்ன பழக்கம்?

வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் சுங், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் ஆகியோரின் குழு, சிகிச்சைக்கு முன்பே எடுத்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைச் சோதித்து 2008இல் விடை சொன்னது. மருந்து பெற்ற 76 பேரில் 25 பேருக்கு ஒவ்வாமை வந்திருந்தது. அவர்களில் 17 பேரின் ரத்தத்தில் செடுக்ஸிமாபைத் தாக்கும் ஐஜிஇ எதிர்ப்பொருள் முன்கூட்டியே இருந்தது. ஒவ்வாமை வராத 51 பேரில் ஒருவரிடம் மட்டுமே அது இருந்தது. ஒப்பீட்டுக்காகச் சோதித்தவர்களிடம் ஊருக்கு ஊர் கணக்கு மாறியது: டென்னசியில் 72 பேரில் 15, பாஸ்டனில் 341 பேரில் வெறும் 2.

அந்த எதிர்ப்பொருள் குறிவைத்தது மருந்தின் மேல் ஒட்டியிருந்த ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரையை. ஆடு, மாடு, பன்றி உள்ளிட்ட பெரும்பாலான பாலூட்டிகளிடம் இது உண்டு. மனிதரிடமும் வாலில்லாக் குரங்குகளிடமும் இல்லை. செடுக்ஸிமாப் சுண்டெலிச் செல்களில் தயாராவதால் இச்சர்க்கரை அதில் ஏறிவிடுகிறது. ஹாம்ஸ்டர் செல்களில் அதே மருந்தைச் செய்து பார்த்தபோது எதிர்ப்பொருள் அதைச் சீண்டவே இல்லை.

எதிர்ப்பொருள் வந்த வழிதான் சுவையான பகுதி. ஒவ்வாமை மிகுந்த மாநிலங்களின் வரைபடம், உண்ணியால் பரவும் ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சலின் வரைபடத்தோடு பெரிதும் பொருந்தியது. ஐயம் ‘லோன் ஸ்டார்’ உண்ணியின் மேல் விழுந்தது. சிட்னி மருத்துவர் ஷெரில் வான் நூனெனும் உண்ணிக் கடிக்கும் இறைச்சி ஒவ்வாமைக்கும் உள்ள தொடர்பைத் தனியாகவே கவனித்திருந்தார். பிளாட்ஸ்-மில்ஸுக்குச் சான்று தேடி வெளியே போக வேண்டியிருக்கவில்லை. 2007இல் மலை நடையின்போது உண்ணிக் குஞ்சுகளிடம் அவரே ஏராளமாகக் கடி வாங்கினார். அவருடைய ரத்தத்தில் ஐஜிஇ ஏறியது. சில மாதங்கள் கழித்து ஆட்டிறைச்சி சாப்பிட்ட இரவில் உடம்பெல்லாம் தடித்தது. தானே நோயாளியாகிப்போன ஆய்வாளருக்கு இதைவிட நல்ல தரவு எங்கே கிடைக்கும்!

இந்த ஒவ்வாமை இறைச்சி உண்ட உடனே வருவதில்லை. மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்தே வருகிறது. கொழுப்போடு சேர்ந்த ஆல்ஃபா-கால் மெதுவாகச் செரித்து ரத்தத்தில் கலப்பதுதான் காரணம் என்பது ஒரு விளக்கம். இரவில் அரிப்போடு விழிப்பவர் மாலையில் தின்றதைச் சந்தேகிப்பது அரிது. நேராக ரத்தத்தில் ஏறும் செடுக்ஸிமாபோ சில நிமிடங்களிலேயே வேலையைக் காட்டிவிடுகிறது.

ஆல்ஃபா-கால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, அதே இலக்கைத் தாக்கும் பானிடுமுமாப் மருந்தை மருத்துவர்கள் தருவதுண்டு. அதில் இச்சர்க்கரை இல்லை. பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படும் ஹெப்பாரின், ஜெலட்டின் கலந்த மருந்துகள், விலங்குத் திசுவாலான இதய வால்வுகள் ஆகியவற்றிலும் அவர்கள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவில் 4,50,000 பேர் வரை இந்த ஒவ்வாமைக்கு ஆளாகியிருக்கலாம் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023இல் மதிப்பிட்டது. அதே ஆண்டு வெளியிட்ட கணக்கெடுப்பில், மருத்துவப் பணியாளர்களில் 42 விழுக்காட்டினர் இப்படி ஒரு நோய் இருப்பதையே அறியவில்லை.