வபாரின் கரிய முத்துகள்

இறைவனின் சினத்துக்கு ஆளாகி, வானத்துத் தீயினால் அழிந்த நகரம் ஒன்று மணலுக்குள் கிடக்கிறது என்பது அராபிய நாடோடி மக்கள் வழிவழியாகச் சொல்லிவந்த கதை. நகரின் பெயர் வபார். ஒட்டகம் அளவான இரும்புக் கட்டியொன்றும் அங்கே உண்டென்பர். இக்கதையை நம்பி, 1932 ஆம் ஆண்டிலே, ருபல் காலி என்னும் பெரும் பாலையுள் ஒட்டக அணியோடு புகுந்தார் சென் ஜோன் பில்பி என்னும் ஆங்கிலேயர்.

அவர் கண்டது மதிலுமன்று, மாளிகையுமன்று; மணல் பாதி மூடிய வட்டப் பள்ளங்களே. எரிமலையின் வாயென்று அவர் எண்ணினார். உடன்சென்றோரோ, அங்கே சிதறிக் கிடந்த பளபளப்பான கரிய மணிகளை அள்ளிக்கொண்டனர். தீயிலே கருகிய அரண்மனைப் பெண்டிரின் முத்துகள் அவை என்பது அவர்கள் துணிபு. இரும்பும் கிடைத்தது, ஆனால் முயலளவே. நாடோடிகளைப் பொய்யரென்று சொல்லிவிட வேண்டா. இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட பெருங்கட்டி 1960களில் மணல் விலகியபோது வெளிப்பட்டது.

பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த லெனார்ட் ஸ்பென்சர் அம்மணிகளை ஆராய்ந்து 1933 இல் முடிவு கூறினார். விண்ணிலிருந்து வீழ்ந்த இரும்புப் பாறை மோதிய வெப்பத்திலே பாலை மணல் உருகிக் கண்ணாடியாயிற்று. ஆவியான இரும்பு அக்கண்ணாடியுள்ளே பனித்துளிபோல் உறைந்தது. மெருகிட்ட துண்டை உருப்பெருக்கியில் நோக்கின், நிக்கலும் இரும்பும் கலந்த நுண்ணுருண்டைகள் எண்ணிறந்தனவாய் மின்னும். வீழ்ந்த கட்டியிலும் பார்க்க இவ்வுருண்டைகளில் நிக்கலின் பங்கு அதிகம். இரும்பின் ஒரு பகுதி ஒட்சிசனோடு கூடிக் கண்ணாடியில் கரைந்துவிட்டமையே காரணம். கண்ணாடியின் கருமையும் அதனால் வந்ததே.

பில்பி பாலையைக் கடந்த அதே 1932 இல், கேம்பிரிட்ஜிலே ஜேம்ஸ் சட்விக் நியூத்திரனைக் கண்டறிந்தார். 1936 இல் கொப்பன்ஹேகனில் ஹெவெசியும் ஹில்டே லெவியும் அதனைப் பகுப்பாய்வுக் கருவியாக்கினர். மின்னேற்றம் இல்லாத நியூத்திரன் அணுக்கருவுள் எளிதிற் புகுகிறது. புகப்பெற்ற மூலகம் கதிர்த்தொழிற்பாடு கொண்டு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது.

இரிடியத்தை எடுத்துக்கொண்டால், சாதாரண மணலில் அது கோடியில் ஒரு பங்கேனும் இல்லை. விண்ணிரும்பிலோ பன்மடங்கு உண்டு. அணு உலையில் வைத்த கண்ணாடித் துண்டிலே அது இரிடியம் 192 ஆகி, 74 நாளில் பாதியாய்த் தேய்கிறது. அது விடும் காமாக் கதிரின் சக்தி அதற்கே உரியது. எனவே தராசுக்கு எட்டாத அளவும் கணக்கில் அகப்படுகிறது. வபாரின் கரிய கண்ணாடியில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு விண்ணிரும்பு. எஞ்சியது அவ்விடத்து மணல்.

நகரம் ஒன்றும் அங்கே எரியவில்லை. மணலின் ஒளிர்வைக் கொண்டு கணித்து 2004 இல் வெளியான ஆய்வு, மோதல் நிகழ்ந்து ஏறக்குறைய 290 ஆண்டுகளே ஆயின என்றது. வபார் அழிந்த கதையோ அதனினும் பன்னூறாண்டு பழையது.