பைரா ஆற்றங்கரையில் எல்லைக்கல் தேடினோம்

விடுமுறைக்குப் போன இடத்திலும் சர்வே கல் தேடுவீர்களா என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். பஞ்சமி நில வேலைக்காகத் தாலுகா அலுவலக வாசலில் எஃப்.எம்.பி. நகலுக்கு நின்று நின்று எங்கள் கண் அப்படிப் பழகிவிட்டது, என்ன செய்ய? கரீபியன் கடலில் உள்ள செயின்ட் வின்சென்ட் தீவில் ஒரே ஒரு நாள் கடலில் குளித்தோம். மீதி நாட்களில் கிழக்குக் கரையில் ஒரு பழைய எல்லைக்கோட்டைத் தேடி அலைந்தோம்.

1763 பாரிஸ் உடன்படிக்கையில் பிரான்ஸ் இந்தத் தீவைப் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. அங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. கலினாகோ பூர்வகுடிகளும், அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஆப்பிரிக்கர்களும் கலந்து உருவான மக்கள் அவர்கள். இன்று கரீஃபுனா என்கிறோம். ஆங்கிலேயர் 'கறுப்புக் கரீபுகள்' என்று எழுதினார்கள். தீவின் மிக வளமான கிழக்குக் கரை அவர்கள் கையில் இருந்தது. உழைத்தார்கள், குடியிருந்தார்கள், பட்டா மட்டும் இல்லை. காகிதம் இல்லாதவன் நிலம் காலி நிலம் என்ற கணக்கு நமக்குப் புதிதல்லவே.

வில்லியம் யங் தலைமையில் ஒரு நில ஆணையம் வந்து இறங்கியது. ஜான் பைரெஸ் தலைமைச் சர்வேயர். அளப்பது, துண்டு போடுவது, கரும்புத் தோட்டக்காரர்களுக்கு விற்பது, இதுதான் வேலை. அன்றைய ஆங்கிலேய சர்வேயரின் கருவி கன்டர் சங்கிலி. நீளம் 66 அடி, அதில் 100 லிங்க்ஸ். 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். நம் ஊர்ப் பழைய எஃப்.எம்.பி.யில் லிங்க்ஸ் என்று போட்டிருக்குமே, அதே சங்கிலிதான்.

சங்கிலி எதற்கு வருகிறது என்று கரீஃபுனாக்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1769ல் யாம்பூ ஆற்றைத் தாண்டிச் சாலை போடவும் அளக்கவும் முயன்றபோது, காவலுக்கு வந்த சிப்பாய்களைச் சுற்றி வளைத்தார்கள். வேலை நின்றது. 1772ல் பிரிட்டன் படையை இறக்கியது. அப்படியும் முழுதாக வெல்ல முடியவில்லை. 1773 பிப்ரவரியில் உடன்படிக்கை: கிழக்கே பைரா ஆறு, மேற்கே வல்லிபூ ஆறு, அதற்கு வடக்கே இருப்பது கரீபுகளுக்கு.

நாங்கள் தேடியது அந்தக் கோட்டைத்தான். பைராவில் கல்லும் இல்லை, பலகையும் இல்லை. இளநீர் விற்ற பாட்டியிடம் கேட்டோம். "கல்லா? இங்கே ஆறுதான். அதுவும் பெருமழை பெய்தால் இடம் மாறும்" என்று சிரித்தார்.

கோடு 22 ஆண்டுதான் தாங்கியது. 1795ல் மறுபடி போர். மார்ச் 14 அன்று தலைவர் சாட்டோயர் கொல்லப்பட்டார். (2002ல் அவரை நாட்டின் முதல் தேசிய வீரராக அறிவித்தார்கள்.) சரணடைந்தவர்களில் சுமார் 5,000 பேரை பலிசோ என்ற வறண்ட குட்டித் தீவில் அடைத்தார்கள். சில மாதங்களில் பாதிப்பேர் செத்தார்கள். மிஞ்சியவர்களை 1797ல் கப்பலேற்றி ஹோண்டுராஸ் அருகே ரோவட்டான் தீவில் இறக்கிவிட்டார்கள். ஒளிந்து தப்பியவர்களின் வம்சம் இன்றும் வடக்கே சாண்டி பே, ஓவியா பக்கம் எரிமலை அடிவாரத்தில் இருக்கிறது. 1902ல் லா சூஃப்ரியர் வெடித்துச் சுமார் 1,600 பேர் இறந்ததும் அந்த வடக்குப் பகுதியில்தான்.

பறித்த நிலம் கரும்புத் தோட்டமானது. சர்க்கரை மூட்டைகளைக் கொண்டுபோக பைரா அருகே பிளாக் பாயின்ட்டில் 1815ல் பாறையைக் குடைந்தார்கள். 300 அடிக்கு மேல் நீளம், தோண்டியது அடிமைகள். உள்ளே நடந்தபோது உளி பட்ட இடங்களைக் கையால் தடவிப் பார்த்தோம். அந்தப் பயணத்தில் நாங்கள் தொட்டுப் பார்க்க முடிந்த எல்லைக்குறி அது ஒன்றுதான்.

அடிமைமுறை ஒழிந்ததும் தோட்டங்களுக்குக் கூலி ஆள் வேண்டியிருந்தது. 1861 ஜூன் 1 அன்று 'திருவாங்கூர்' என்ற கப்பல் வந்து சேர்ந்தது, புறப்பட்ட இடம் மெட்ராஸ். 1880க்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வந்தார்கள். மெட்ராஸ் துறைமுகத்தில் இப்படிக் கப்பலேறியவர்களில் சேரி மக்கள் கணிசம்.

அன்று இரவு எங்களுக்குள் சண்டை. ஊரில் காணி நிலம்கூட இல்லாமல் விரட்டப்பட்டு வந்தவர்கள், அவர்கள்மேல் என்ன பழி என்றார் ஒருவர். பழி இல்லை, ஆனால் அவர்கள் வெட்டிய கரும்பு யார் நிலத்தில் நின்றது என்று கேட்காமல் இருக்க முடியாது என்றார் இன்னொருவர். விடிந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தோம்.